வருகிற பக்கம்

எங்கள் வான் வண்டியில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஏழாக, பெரிய வெள்ளை எழுத்துகள் ஒட்டியிருந்தன. எல்லாம் ஜப்பான் மொழி. அந்த ஊரில் ஏதோ ஒரு கடைக்காக ஓடி ஓய்ந்து, கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, வெள்ளவத்தையில் கொப்பியும் பேனையும் விற்கிற என் அப்பாவிடம் வந்து சேர்ந்த நீல வான் அது. எழுத்துகளுக்குக் கீழே, கொப்பியில் அடிக்கோடு போட்டதுபோல, ஒரு மெல்லிய சிவப்புக் கோடு முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை ஓடும். அந்தக் காலத்தில் ஜப்பான் எழுத்தை யாரும் கழற்றுவதில்லை. வண்டி நேரே அங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய காருக்கு அப்படியொரு எழுத்து இல்லையே என்று ஏங்கியதை நானே கேட்டிருக்கிறேன்.

வானை ஓட்டியவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்தவர். ஏஜன்சிக்காரன் இந்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்ததில் எங்களோடு ஒன்றரை வருடம் இருந்தார். புறக்கோட்டையிலிருந்து கொப்பிக் கட்டுகளை ஏற்றி வருவது அவருடைய வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் முன் சீட்டில் நானும் இருப்பேன்.

சோதனைச்சாவடியில் மாமாவைப் பார்க்கவேண்டும். ஆமிக்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வானைச் சுட்டிக்காட்டி, "மொனவத லியலா தியென்னே?" என்று சிங்களத்தில் கேட்பார். என்ன எழுதியிருக்கிறது என்று அர்த்தம். மாமா ஒரு கணமும் யோசிக்கமாட்டார். மீன் கடை என்பார். அடுத்த கிழமை பல்வைத்தியர் என்பார். ஒரு முறை, முடி கொட்டுவதற்கு எண்ணெய் விற்கிற கம்பனி என்று சொல்லிவிட்டு, அந்த ஆமிக்காரரின் வழுக்கையைப் பார்த்துப் பெருமூச்சும் விட்டார். ஆமிக்காரரே சிரித்துவிட்டார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொன்னால் பிடிபட மாட்டீர்களா என்று கேட்டேன்.

"ஜப்பானில ஒரு சொல்லுக்கு நூறு அர்த்தம், பிள்ளை. எல்லாம் உண்மைதான்."

அம்மா கணித ஆசிரியை. இந்தக் கதையெல்லாம் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "சின்னப்பிள்ளைக்கு இப்பிடிப் புளுகாதையடா" என்று தம்பியை ஏசுவார். ஏசிவிட்டு, மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனையும் வைப்பார்.

ஒரு நாள் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன். இடது பக்கத்தில் முதலாவதாக இருந்தது கூரை போட்ட வீடுபோல ஒரு எழுத்து. கடைசியில் ஏணிபோல ஒன்று. வலது பக்கத்திலும் அதே ஏழு எழுத்துகள்தான், ஆனால் அங்கே ஏணி முதலிலும் வீடு கடைசியிலும் இருந்தன. மாமாவை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் அதுவரை கவனித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். வானை ஒரு முறை சுற்றி வந்தார்.

"இதுகூடத் தெரியாதே? இந்தப் பக்கம் போகேக்க வாசிக்கிறது. மற்றது திரும்பி வரேக்க வாசிக்கிறது."

அன்றிலிருந்து இடது போகிற பக்கம், வலது வருகிற பக்கம்.

மாமா புறப்படுகிற நாளும் வந்தது. எங்கே போகிறார் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியே சொல்லிவிடும் என்ற பயம். நான் விடாமல் நச்சரித்ததில், சூட்கேசைப் பூட்டிக்கொண்டே குனிந்து என் காதில் சொன்னார். "ஜப்பானுக்கு. விலாசம் வானில எழுதியிருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதை."

சத்தியம் செய்தேன், சொல்லவுமில்லை. வானில் ஏன் எழுதியிருக்கிறது என்பது எனக்குக் கடைசியில் விளங்கிவிட்டது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மாமா போன அடுத்த கிழமை, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் கொடுத்திருந்த பட்டியலில் அவருடைய பெயரை அப்பா வெட்டுவித்துவிட்டு வந்தார். ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. லைன் சரியில்லை என்று எனக்குச் சொன்னார்கள். எட்டு மாதமாக லைன் சரியில்லாமல் இருந்தது.

வானை இப்போது அப்பா ஓட்டினார். அப்பாவுக்குப் பொய் வராது. கடையில் பேனை கசியும் என்று தெரிந்தால், வாங்க வந்தவரிடம் அவரே சொல்லி அனுப்பிவிடுவார். சோதனைச்சாவடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, தெரியாது என்று உண்மையைச் சொன்னார். சொந்த வானில் எழுதியிருப்பது தெரியாதா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு கொப்பிக் கட்டையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். தமிழில் ஒரு எழுத்து வெளியே தெரியாமல் எவ்வளவோ கவனமாக இருந்த மனிதர், கடைசியில் ஜப்பான் எழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தபோது, வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றிவிடப் போவதாக அறிவித்தார்.

விலாசத்தைக் கழற்றினால் மாமாவுக்கு எப்படி எழுதுவது? சத்தியத்தை மீறாமல் எவ்வளவு கெஞ்சலாமோ அவ்வளவு கெஞ்சினேன். வடிவாக இருக்கிறதே என்றேன். அப்பா அசையவில்லை. சனிக்கிழமை கடையிலிருந்து ட்ரேசிங் பேப்பர் சுருள் ஒன்றை எடுத்துவந்து, இடது பக்கத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தேன். கடற்காற்றில் பேப்பர் நிற்க மாட்டேன் என்றது. ஏணியை முடிக்கவும் மழை வரவும் சரியாக இருந்தது. வலது பக்கம் மிச்சம்.

ஞாயிறு காலை மாளிகாவத்தையிலிருந்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர் வந்தார். வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மணப்பெண்களுக்குத் தலை சோடிக்கிற தன் மனைவியின் ஹெயார் ட்ரையரைப் பைக்குள்ளிருந்து எடுத்தார்.

"பொஞ்சாதிக்குச் சொல்லாம எடுத்து வந்தீக்கிறன், அண்ணன். பகலைக்கு ஒரு கலியாண வூடாம்."

அப்படி அவசரமாக வந்தவர், வேலையில் கை வைத்ததும் அவசரத்தை மறந்துவிட்டார். யன்னல் வழியாக வயர் இழுத்து, வீடுபோல இருந்த முதல் எழுத்துக்குச் சூடு காட்டினார். பிளேட் வைத்துச் சுரண்டலாமே என்று அப்பா கேட்டார். "பிளேட் போட்டா பெயின்டும் சேந்து வந்துரும். சூடு பட்டா பசை தானா இளகும். ஆத்திரப்பட்டு இழுத்தா பிஞ்சி பிஞ்சி வரும்." எழுத்தின் ஓரத்தைக் கிளப்ப, கீறாத பிளாஸ்டிக் துண்டு ஏதாவது வேண்டும் என்றார். அப்பா வீட்டுக்குள்ளே போய், மேசை லாச்சியிலிருந்து ஒரு பாவித்த டெலிபோன் கார்டைக் கொண்டுவந்தார். லாச்சிக்குள் அப்படிப்பட்ட கார்டுகள் ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு இருந்தன. காலி வீதியில் இருக்கிற கார்ட் போனுக்கு அம்மா பின்னேரங்களில் போய்வருவது எனக்குத் தெரியும். யாரோடு இவ்வளவு கதைக்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

வீடு உரிந்து வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற எழுத்துகள். வெயில் குடித்து வறண்டுபோயிருந்த சிவப்புக் கோடுதான் பொடிப்பொடியாக உதிர்ந்து நானாவின் பொறுமையைச் சோதித்தது. ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியால் துடைத்தார். துடைத்து முடிந்ததும் அப்பாவின் முகம் மாறியது. எழுத்துகள் இன்னும் அங்கேயே இருந்தன. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளிறியிருக்க, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த பெயின்ட் மட்டும் புதிதாக, கடும் நீலமாக, அதே ஏழு எழுத்தாக நின்றது.

"வெயில் படாத எடம் அப்பிடித்தான் ஈக்கும். பொலிஷ் போட்டா கொஞ்சம் கொறையும். மிச்சத்த வெயில் பாத்துக்கும்" என்றார் நானா.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் ஹெயார் ட்ரையரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்ததும் அது திரும்பவும் போய்விட்டது. நான் ஓடிப்போய் வானோடு முதுகை ஒட்டி, கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். தகடு சுட்டது. அப்பா முதலில் சிரித்தார், பிறகு அதட்டினார், பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது.

"இது மாமா திரும்பி வாற பக்கம்! இதைக் கழட்டினால் அவர் எப்பிடி வாறது?"

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா கையை விட்டுவிட்டார். வாசலில் அம்மா நின்றார். ஒரு கையில் நானாவுக்கான தேத்தண்ணி, காதில் சிவப்புப் பேனை. சோதனைப் பேப்பர்கள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். புளுகுகளுக்கு அம்மாவின் வீட்டில் இடமில்லை. மாமா என்ன சொன்னார் என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், போகிற பக்கம், வருகிற பக்கம், ஜப்பான், விலாசம். அம்மா வந்து வலது பக்கத்து எழுத்துகளை, தப்பான விடையொன்று எங்கே பிழைத்தது என்று தேடுகிறவர்போல, ஏணியிலிருந்து வீடுவரை பார்த்துக்கொண்டு போனார்.

"இந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார்.

"இஞ்சேரும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நான் என்னெண்டு ஆமிக்காரருக்குச் சொல்லுறது?"

"இருக்கட்டும் எண்டு சொன்னனான்."

தேத்தண்ணியை வானின் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானா, ஹெயார் ட்ரையரின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். கலியாண வீட்டுக்கு நேரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த வான் பிறகு ஆறு வருடம் எங்களிடம் இருந்தது. போகிற பக்கத்து எழுத்துகளை, நானா சொன்னதுபோல, வெயில் பார்த்துக்கொண்டது. ஓரிரு வருடத்தில் வீடும் ஏணியும் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. வருகிற பக்கம் வெள்ளையாக, முழுசாக, வானை விற்கிற நாள்வரை நின்றது. அதை நான் படியெடுக்கவேயில்லை. அதுதான் இருக்கிறதே என்ற நினைப்பு. என்னிடம் இருப்பது போகிற பக்கம் மட்டும்தான், பழுப்பேறி நாலாய் மடிந்த ட்ரேசிங் பேப்பரில். கைத்தொலைபேசியைக் காட்டினால் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடும் என்கிறான் என் மகன். வண்டியின் முன்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதுவது அவர்களுடைய வழக்கம், அதனால்தான் வலது பக்கம் தலைகீழாக வருகிறது என்பதையும் அவன்தான் தேடிச் சொன்னான். எனக்கு மாமா சொன்ன காரணம் போதும். மாமாவைப் பற்றி ஒரு செய்தியும் எங்களுக்கு வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும், நீல வான் ஒன்று கடந்துபோனால் அதன் வலது பக்கத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

எழுத்து கழற்றிய இரண்டாம் கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் நான். சோதனைச்சாவடியில் ஒரு ஆமிக்காரர் மறித்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன். வானைச் சுற்றி வந்தார். இடது பக்கத்தில் அழித்த எழுத்தின் நிழல், வலது பக்கத்தில் அழிக்காத எழுத்து. அப்பாவை இறங்கச் சொல்லி, இது என்ன, ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். யன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அப்பா வாயைத் திறந்தார். தெரியாது என்று சொல்லப்போகிறார், இன்னும் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்கப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் திரும்பி அம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

"மகே மஸ்ஸினாகே எட்ரஸ் எக, சேர்" என்றார். என்னுடைய மைத்துனரின் விலாசம்.

அவர் எங்கே என்று பொடியன் கேட்டார்.

"எயா தாம ஆவே நே." இன்னும் வரவில்லை.

பொடியன் அந்த ஏழு எழுத்துகளையும் ஏணியிலிருந்து வீடுவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார், அன்றைக்கு அம்மா பார்த்த அதே மாதிரி. பிறகு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார். அப்பா ஏறி வானை எடுத்தபோது, கியரைப் பிடித்திருந்த அவருடைய கையின்மேல் அம்மா தன் கையை வைத்தார். நடுத்தெருவில் அப்படிச் செய்கிறவர் அல்ல அவர்.

பின்சீட்டில் எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. மாமா புளுகுவார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அப்பா பொய்யே சொல்லமாட்டார். அவரே தன் வாயால் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிறகு, அது மாமாவின் விலாசம்தான் என்பதிலோ, அவர் வந்துவிடுவார் என்பதிலோ எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.