இடுப்பில் அதிர்ந்த பட்டி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து பள்ளிவரை, தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் யார் கையையும் பிடிக்காமல் நடப்பதுதான் எனக்கிருந்த ஒரே கர்வம்.

பார்வையற்றவர்களுக்குப் புதுக் கருவி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது போதவில்லை. என் இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டினார்கள். எதிரே தடை இருந்தால் அதிருமாம், காதுக்குள் வழியும் சொல்லுமாம். "இனி நீங்க யாரையும் நம்பி நடக்கத் தேவையில்லை" என்றார் அவர்களில் பெரிய மனிதர். பழகும்வரை கைத்தடியைத் தொடக்கூடாது என்று கட்டளை வேறு. நானும் கேட்டேன். புதுச் சாமானுக்கு ஆசைப்பட்டவன்தானே.

பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குத் தேயிலை. பட்டிக்கு அத்தனை செடியும் தடைதான், பள்ளிவரை ஓயாமல் அதிர்ந்தது. மூடுபனி இறங்கினால் சுவர் என்று நினைத்து இன்னும் அமர்க்களம். வழி சொன்ன குரலோ, தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போகும் தார் ரோட்டைத் தவிர இந்த மலையில் வேறு பாதை இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரனிடம் புவியியல் படித்திருக்கும்.

இதையெல்லாம்கூடச் சகித்திருப்பேன். பாதை ஊமையானதைத்தான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் எதிரே வருகிறவர்கள் தூரத்திலேயே குரல் கொடுப்பார்கள். "சேர், கொழுந்து மூட்டையோட வர்றேன், மேல் பக்கமா ஒதுங்கிக்கங்க." "மழையில படி சரிஞ்சு கெடக்கு சேர், பாத்து வாங்க." பட்டி வந்தபின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெஷினுக்கு இடைஞ்சலாகுமாம். செடிகளுக்குள் ஒதுங்கி, மூச்சை அடக்கி நின்றார்கள்.

மூன்றாவது வாரம், மழைத்தண்ணீர் ஓடப் புதிதாக வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தேன். கால் பிசகிவிட்டது. பட்டி வழக்கம்போல அதிர்ந்துகொண்டிருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மெஷின் சொல்லிரும்னு நெனச்சோம் சேர்" என்றாள் ஒருத்தி. அழுதுகொண்டே சொன்னாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவே நிமிர்ந்து நடந்தவன் நான்தான்.

ஒரு மாதம் பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நொண்டினேன். அப்படிப் போகும்போது ஒருநாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. இப்போது யார் துணையும் இல்லாமல் நடக்கிறீர்களா என்று கேட்டார் அந்தப் பெரிய மனிதர்.

நீங்கள் வரும்வரை நடந்தேன் என்றேன்.