இடது காலின் மருதாணி

எழுபதுகளின் கடைசியில், என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காரைக்காலில் மிச்ச ஜவுளி எடுத்துத் திரும்பினோம். சுரக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, இடது காலின் முன்பாதி படியின் இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கமாகத் திருகி விழுந்தேன். பாதத்தின் நடுவில்தான் புடைத்தது. வைத்தியர் கணுக்காலை நீவிவிட்டு, "சுளுக்குதாம்மா" என்றார். வலித்த இடத்தை அவர் தொடவே இல்லை.

அன்று சாயங்காலமே அம்மா மருதாணி அரைத்து உள்ளங்கால்களில் அப்பினாள். மறுநாள் பார்த்தால் வலது காலைவிட இடது கால் நடுவில் கருஞ்சிவப்பாக ஏறியிருந்தது. "இந்தக் கால் எப்புடிச் செவந்திருக்கு பாருங்க! மாப்பிள்ள தாங்குவாரு" என்று அம்மா பூரித்தாள். வந்தவர்களெல்லாம் என் காலைத் தூக்கிப் பார்த்துக் கேலி செய்தார்கள். அந்த வலியிலும் நான் வெட்கப்பட்டுத் தொலைத்தேன்.

புகுந்த வீட்டில் நடவுக்கு இறங்கினால், சேற்றில் ஊன்றிய காலை எடுக்க முடியவில்லை. எம்பி நின்று பரணில் ஒரு பானையை எடுக்க முடியவில்லை. "வேலைன்னா மட்டும் இவளுக்குக் கால் வலிக்குது" என்றார் மாமியார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். கணவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போகப்போக, நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பாதம் தட்டையாகி, செருப்புகூடச் சேராமல் போன பிறகு, எண்பதுகளில் ஒருநாள் அம்மா என்னைத் தஞ்சாவூருக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நிற்கவைத்துப் படம் எடுத்தார். பெருவிரலின் எலும்பும் அடுத்த விரலின் எலும்பும் நடுப்பாதத்தில் விலகிக் கிடந்தன.

"ஆரம்பத்துலயே நிக்கவச்சு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா. இனிமே பழையபடி ஆக்க முடியாது."

நான் நடிக்கவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. யாருக்கு வேண்டும் அது? அழுகைதான் வந்தது.

டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே கேட்டார். "விழுந்த மறுநாள் உள்ளங்கால்ல ரத்தம் கட்டிக் கன்னிப்போயிருந்துச்சா? இந்த அடிக்கு அதுதான் பெரிய அடையாளம்."

"இல்லீங்க. கல்யாண மருதாணி வச்சிருந்தோம். இந்தக் கால் மட்டும் நல்லா செவந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மா பாதியில் நிறுத்தினாள். பிறகு குனிந்து, என் இடது காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.