ரஷ்யப் படையின் ஜெர்மன்காரரைத் தேடி செவ்வாய்பேட்டைக்கு ஒரு சனிக்கிழமை

போன சனிக்கிழமை வெண்ணந்தூரிலிருந்து சேலம் செவ்வாய்பேட்டைக்குத் தனியாகப் போய்வந்தேன். பழைய புத்தகம் தேடிப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனில் தட்டச்சு செய்வதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிப் போன பயணம் இது. வீட்டுக்கு இன்னும் தெரியாது.

அப்பா போர்வெல் ரிக் வண்டி டிரைவர். வருடத்தில் பத்து மாதம் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வெளியூர்தான். ஐதராபாத் நடைபாதையில் வாங்கிய, சிவப்பு அட்டை போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகம் வண்டியிலேயே கிடக்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் அதிலுள்ள ஒருவரின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

ஜெர்மனியில் பிறந்து ரஷ்யச் சக்கரவர்த்தியிடம் வேலைக்குப் போன அதிகாரி அவர். பதினெட்டு வயதில், பாஷை தெரியாமல், பனியில் சங்கிலி இழுத்துச் சாலைகளை அளந்து வரைபடம் போட்டார். போர் வந்ததும் கூடாரத்தில் உட்கார்ந்து, எந்தப் படை எந்த வழியில் போகும், குதிரைகளுக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து போடுவது வேறொரு தளபதி. ஜெயித்தால் மாலை தளபதிக்கு, தோற்றால் “அந்த வெளியூர்க்காரன் பண்ணுன வேலை.” இந்த இடத்தில் அப்பா சத்தமாகச் சிரிப்பார். கடைசியாகக் கேட்ட பகுதியில் அவர் ஜெனரலாகி, ஊருக்குப் போக விடுப்புக் கேட்டிருந்தார்.

“கெடைச்சுதாங்கப்பா?” என்றேன்.

“அடுத்த தடவ வாரப்ப சொல்றேன் சாமி.”

அடுத்த தடவை அப்பா உயிரோடு வரவில்லை, அவருடைய பை மட்டும்தான் வந்தது. புத்தகம் உள்ளே இருப்பது வெளியே தடவினாலே தெரியும், ஆனால் ஒரு வருடம் அதை யாரும் திறக்கவில்லை. போன வாரம் அம்மா பழைய இரும்போடு அந்தப் பையையும் போட்டுவிட்டார். வாங்கிப் போனவரிடம் விசாரித்தேன். காகிதமெல்லாம் செவ்வாய்பேட்டைக் குடோனுக்குப் போய்விட்டது, திங்கட்கிழமை கூழாக்க ஆலைக்குப் போகும் என்றார். அந்த ஜெர்மன்காரர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது ஆலைக்குள் போய்விடும்.

காலை 8.10 டவுன் பஸ். மல்லூரில் மாறினால் 9.25க்குச் சேலம் பழைய பேருந்து நிலையம். இரண்டிலும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

“எங்க சாமி, தனியா?” என்றார் கண்டக்டர்.

“ஸ்பெஷல் கிளாசுங்க.”

“பையக் காணோம். புஸ்தகமும் வாத்தியாரே தராருங்களா?”

பின்சீட்டில் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். நான் நடந்தேன், இருபத்தைந்து நிமிடம். குடோன் வாசலில் உட்கார்ந்திருந்த முதலாளி பாயிடம் சிவப்பு அட்டைப் புத்தகம் என்றேன்.

“அட்டைய வெச்சா தேடுற? வந்த ஒடனே அட்டையப் பிச்சிடுவோம்மா. அட்டை வேற ரேட்டு, தாள் வேற ரேட்டு.”

பக்கத்தில் அட்டை கிழித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு மூட்டையைக் காட்டினார். “செவப்பா? அந்த மூட்டை பூரா செவப்புதான். எது வேணும், பொறுக்கிக்க!”

“எங்கப்பாவோடதுங்க” என்று அழுதுவிட்டேன். பாய் எழுந்து வந்தார். “அப்பா புஸ்தகமா? சரி, அளுவாத. இங்கிலீஷ் எல்லாம் அந்த மூலையில கெடக்கு. தேடு.”

ஒரு மணி நாற்பது நிமிடம் தேடினேன். பக்க ஓரத்தில் கிரீஸ் விரல் ரேகையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எடைக்குப் பன்னிரண்டு ரூபாய்.

திரும்பும் பஸ்சில் படித்தேன். அது கதைப் புத்தகமே இல்லை. ரஷ்யப் படையிலிருந்த அயல்நாட்டு அதிகாரிகளின் பட்டியல். நம்மவருக்கு ஏழே வரி: பிறந்த ஊர், வரைபடப் பிரிவு, படைத் தலைமையகம், பதவிகள். பனி இல்லை, சங்கிலி இல்லை. அவையெல்லாம் ஓரத்தில் பென்சிலில், அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. “குதிரைக்குத் தண்ணி” என்பதன் கீழே ஒரு ராஜஸ்தான் ஊரின் பெயரும், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதும்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். அட்டையை நம்பாதீர்கள், உள்ளே ஒரு பக்கமாவது நினைவிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுபோங்கள், தூசு தொண்டையை அடைக்கும். முக்கியமாக, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நானும் காலையில் சொல்லப் போகிறேன். அடி விழலாம். ஏழாவது வரி, அவர் விடுப்பில் போகாமல் பணியிலேயே இறந்தார் என்கிறது. அப்பா அதைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: “ஊர் வந்து சேர்ந்தான்.” அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பா தமிழில் எழுதிய அந்த வரியை அம்மாவே படிக்கட்டும்.