ஏப்பம் வராதவர்கள்

எனக்கு ஏப்பம் வராது. பிறந்ததிலிருந்தே வந்ததில்லை. கல்யாணமாகிக் கொரட்டூருக்கு வந்த புதிதில் கணவரிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதானே, நாகரிகமா இருக்கு" என்று சிரித்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை அவருக்கு. எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர். என் நெஞ்சு போடும் சத்தத்தைக் கேட்ட பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும். பிறகு ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் மெல்ல ஏறி வரும். தொண்டை வரை வந்து, வழி அடைத்திருக்கவே திரும்பிப் போகும். அப்போது எழும் சத்தத்தைத் தவளை என்பார் என் மாமியார். எனக்கோ தண்ணீருக்கடியிலிருந்து யாரோ பேச முயல்வது போலிருக்கும். என் உதடு அசையாது; ஆனால் அறையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் ரெடிமேட் துணிக் கம்பெனியில் மெஷின்களின் இரைச்சல் என்னைக் காப்பாற்றியது. கரண்ட் போனால்தான் பயம்.

ஓமத் தண்ணீர், வாயு மாத்திரை, எண்டோஸ்கோபி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் உணவுக்குழாய்க் கோளாறுகள் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

ஆராய்ச்சியை நடத்தியவர் என் வயதுள்ள ஒரு டாக்டரம்மா. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கிவிட்டு, சோடா குடிக்கச் சொன்னார். நெஞ்சு கத்தியது. இதுவரை அதைக் கேட்டு முகம் மலர்ந்தவர் அவர் ஒருவர்தான். திரையில் சிவப்பாகத் தெரிந்த ஒரு பட்டையைக் காட்டினார்.

"இது தொண்டைக்குக் கீழ இருக்கிற தசை. கதவு மாதிரி. சாப்பாடு இறங்கறப்ப உங்களுக்கு நல்லாத் திறக்குது. காத்து மேல வர்றப்ப மட்டும் திறக்க மாட்டேங்குது. காத்து முட்டிட்டுத் திரும்புற சத்தம்தான் இது."

அந்தத் தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். அதற்குள் உடம்பு ஏப்பம் விடக் கற்றுக்கொள்ளும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அடுத்த முறை போனபோது வராந்தாவில் கூட்டம். என் நெஞ்சு கத்த, வழக்கம்போல் இருமி மறைத்தேன். பின்னாலிருந்து அதே சத்தம் வந்தது.

திரும்பினேன். சுவரோர பெஞ்சில், மஞ்சள் புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மறுபடி எனக்கு வந்தது. அது அடங்கியதும் அவருக்கு வந்தது. இருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு நடுவே இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

"உனுக்கும் கீதா?" என்றார் அக்கா.

"இருக்குதுக்கா."

"உன்னுது இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலக்கா. வெறும் காத்துதான்னு டாக்டர் சொன்னாங்க."

"எங்கைல கூட அதத்தான் சொன்னாங்க."

முத்தாபுதுப்பேட்டையில் அவர் வீடு. வெள்ளிக்கிழமைகளில் ஜனங்கள் வந்து குறி கேட்பார்களாம். நெஞ்சு பேசும், அதற்கு அக்கா அர்த்தம் சொல்வார். வலி தாங்காமல் துடிப்பதைப் பார்த்து மகள்தான் கூட்டி வந்திருக்கிறாள். ஆனால் ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.

"வலி கீது, இல்லேங்கல. இத்த அனுப்பிச்சிட்டு நான் மட்டும் ஊட்ல இன்னா பண்றது?" என்றவர், வீட்டுக்கு வழி சொல்லி, "வந்துட்டுப் போ" என்றார்.

நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருக்கையில் சத்தமாக ஓர் ஏப்பம் வந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் சிரிக்க, நான் அழுதுவிட்டேன். வயிறு தளர்ந்தது. கணவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வீடு மட்டும் சரியில்லை. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் காது தானாகக் கூர்ந்துகொள்ளும். ஒன்றும் வராது. கூடவே இருந்த யாரோ சொல்லாமல் போய்விட்ட மாதிரி ஒரு வெறுமை. இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன்.

நல்ல வெயில். ஷீட் போட்ட முன்னறையில் அக்கா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"உள்ள யாரும் இல்லியே" என்றார்.

நான் பார்வையைத் தாழ்த்தினேன். அவர் காலடியில் காலி சோடா பாட்டில்கள் கிடந்தன. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"காத்துன்னு எனுக்குத் தெரியாதா? சோடா குட்சா சீக்கிரம் பேசும். குடிக்காத நாள்லயும் பேசுது. அதுக்கு இன்னா சொல்ற?"

அதற்குள் ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தார். வெளியூர் வேலைக்குப் போன மகன் போன்கூடப் பேசுவதில்லையாம். "எம்புள்ள வந்துடுவானாம்மா?" என்று கை கூப்பினார்.

அக்கா கண்ணை மூடினார். நெஞ்சு பேசியது. எத்தனையோ வருஷம் என் உடம்புக்குள் கேட்ட சத்தம்தான். அப்போதெல்லாம் ஒரு எழுத்துகூடப் புரிந்ததில்லை. அன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து கேட்டபோது, தெளிவாகப் புரிந்தது. வரமாட்டான்.

"வந்துடுவான், போ. கவலப்படாத" என்றார் அக்கா. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நானும் கிளம்பினேன். கேட் வரை வந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீயும் கேட்டல்ல?"

"என்னக்கா?"

"நான் சொன்னது இல்ல. அது சொன்னது."

கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா, "இப்ப சத்தம் ஏதாவது கேக்குதா?" என்றார். இல்லை என்றேன். என் நெஞ்சைப் பொறுத்தவரை அது உண்மை. தசை ஏப்பத்தைப் பழகிக்கொண்டது, ஊசியின் வீரியம் போன பிறகும் நிலைக்கும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்புறம் போகவில்லை. அந்த மகன் வந்தானா என்று விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.