பல்லக்காவின் செல்லக்கத்தி

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல் செட் செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக அதில் நட்டு வைப்பாள். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். "இது நம்ம வேலை மாதிரி இருக்கே!" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளிடம் கேட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. கூட வேலை செய்பவள் நாத்தனார். கடையில் விற்கும் கருவிகள் எதுவும் பல்லக்காவுக்குப் பிடிக்காது. குடைக்கம்பி, கரண்டிக்காம்பு என்று எது கண்ணில் பட்டாலும் தேய்த்து, வளைத்து, மேசையில் சேர்த்துவிடுவாள். அதில் அவளுக்கு அலாதிப் பெருமை.

அன்று மாலை போய்ச் சேர வேண்டிய செட், பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவருடையது. ஒரு காலத்தில் ஊரே அவர் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறியது. பழைய செட் உடைந்த நாளிலிருந்து மனிதர் வாயே திறப்பதில்லை. திறந்தால் 'ஸ' வருகிற இடத்தில் எல்லாம் விசில்தான் வரும். அன்றைக்குத்தான் மகளின் கல்யாண வரவேற்பு. அப்பா மைக்கில் பேசியே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பட்டறைக்கு வந்து, "எம்பொண்ணு முன்னாடி நான் விசில் அடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்லக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

செட் அருமையாக வந்திருந்தது. ஈரப்பஞ்சில் பொதிந்து, டப்பாவில் வைத்து, காரின் முன்சீட்டில் வைத்துவிட்டு, கை கழுவ உள்ளே போனாள். அது சாவி இல்லாத கார். சாவிக்குப் பதில் ஒரு கார்டு. அதைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டே போனால் கதவு திறக்கும், தள்ளிப் போனால் பூட்டிக்கொள்ளும். அவள் உள்ளே போனதும் கார் 'கீக்' என்று பூட்டிக்கொண்டது. கார்டின் பேட்டரி கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

திரும்பி வந்து பார்த்தால் கார் அசைந்து கொடுக்கவில்லை. கார்டை அழுத்தினாள், ஊதினாள், சேலையில் தேய்த்தாள். கண்ணாடிக்குள் டப்பா தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. வாட்ச் கடையில் பேட்டரி வாங்கலாம் என்று தெருமுனைக்கு ஓடினால் கடை பூட்டிக் கிடந்தது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"பதறாதே. கார்டுக்குள்ளயே ஒரு சாவி ஒளிஞ்சிருக்கும். ஓரத்துப் பட்டனை அழுத்திக்கிட்டு இழு, வரும்."

"இழுத்துட்டேங்க. உள்ளே காலியா இருக்கு."

"எப்படிக் காலியா இருக்கும்?"

"என்னைக் கேட்டா? கார் வித்தவன்கிட்ட கேளுங்க! சாவியே இல்லாத கார்டை நம்ம தலையில கட்டிட்டான். நான் கண்ணாடியை உடைக்கப்போறேன்."

"ஐயோ, வேண்டாம்மா!"

செங்கல்லைத் தேடி அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். நாத்தனார் மேசையில் குனிந்து, அச்சிலிருந்து பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பல்லக்கா அவள் கையைப் பார்த்தாள். மெலிசான, தட்டையான இரும்பு. பக்கவாட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருந்தது.

"அது என்னது?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? நம்ம செல்லக்கத்தி. இதை மாதிரி சுரண்டறதுக்கு வேற எதுவும் வராதுன்னு நீங்கதானே எங்கிருந்தோ கொண்டுவந்து குடுத்தீங்க?"

பல்லக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கார் வாங்கிய புதிதில் கார்டை நோண்டிப் பார்த்தபோது உள்ளிருந்து வந்தது அது. 'ஆகா, என்ன மெலிசு!' என்று நேராக மேசைக்குக் கொண்டுவந்தவள் அவளேதான். போனில் கணவன் இன்னும் "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"கிடைச்சிடுச்சுங்க" என்றாள். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சாவியின் பள்ளங்களில் எல்லாம் மெழுகும் பிளாஸ்டரும் அப்பியிருந்தன. பல் செட்டைச் சுத்தம் செய்யும் நீராவிக் குழாயை நாத்தனார் அதன்மேல் பாய்ச்சினாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கை ஆடியதில் நீராவி பாதி சுவரில் அடித்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் கார் திருடனைக் கண்டதுபோல் அலறியது. தெரு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. பேட்டரி செத்த கார்டையும் கிட்டே வைத்தால் கார் அடையாளம் கண்டுகொள்ளும் என்று, டம்ளர் வைக்கும் குழியில் அதை வைத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னான் கணவன். அழுத்தினாள். அலறல் நின்றது, எஞ்சின் கிளம்பியது.

மண்டபத்து வாசலில், நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில், எஞ்சினை ஓடவிட்டுவிட்டே டப்பாவுடன் உள்ளே பாய்ந்தாள். மேடைக்குப் பின்னால் அறிவிப்பாளர் பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். செட்டைப் போட்டுக்கொண்டார், ஒரு தடவை கடித்துப் பார்த்தார், மைக்கை நோக்கி நடந்தார். பல்லக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மண்டபம் கப்சிப் ஆனது.

"இத்தனை வருஷமா எங்க வீட்டு நிலையத்துல நின்ன பஸ், இப்ப புறப்படத் தயாரா இருக்கு. மாப்பிள்ளை, ஓட்டப்போறது எம்பொண்ணு. நீங்க கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

கூட்டம் ஓவென்று சிரித்தது. மகள் அழுத அழுகையில் கண்மை கன்னம்வரை வழிந்தது. பல்லக்காவோ அந்த 'பஸ்' என்ற ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக வந்தது. அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அறிவிப்பாளருக்கு மைக்கை விட மனமில்லை. யாரோ வந்து அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேலும் ஓர் அறிவிப்பு. ஸ்டியரிங் முன்னால் யாருமே இல்லாமல், வாசலை மறித்து உறுமிக்கொண்டிருக்கும் சிவப்பு நிறக் காரின் உரிமையாளர் உடனடியாக வரவும்."

பல்லக்கா எழுந்து ஓடினாள். ஓடும்போதும் அவள் காது மைக்கிலேயேதான் இருந்தது. 'ஸ்டியரிங்'கிலும் ஒரு பொட்டு விசில் இல்லை.