வாங்க என்று கேட்ட வாசல்

அண்ணனின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் உறவில் பெரியவர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்தை எழுது தாயி, பழசைக் கிளறாத" என்றார்கள். நல்லதாகவே எழுதுகிறேன். எங்கள் அண்ணன் தங்கமான மனிதர். அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அச்சுக்கூலி நான் கொடுத்தது.

அண்ணன் கல்லலில், வானம் பார்த்த பூமியை நம்பிய குடும்பத்தில் பிறந்தார். அப்பா மறைந்தபோது நான் சின்னப் பிள்ளை. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு காரைக்குடியில் ஒரு பந்தல்காரரிடம் வேலைக்குப் போனார். மூங்கில் சுமந்து, சமையல்கட்டில் அண்டா உருட்டி, கடைசியில் மானகிரியில் சொந்தமாக வாடகைப் பாத்திரக்கடை வைத்தார். முன்னால் வீடு, பின்னால் கொட்டகை. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கொத்தமங்கலத்திலிருந்து மதினி வந்தார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். விசேஷ வீட்டில் வருகிறவர் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருவரைக் கேட்காமல் விட்டால் சாகும்வரை பகை. நம் குடும்பத்திலேயே அப்படி முறிந்துபோன உறவு இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் வாசலில் நிற்க அண்ணனைத்தான் கூப்பிட்டீர்கள். பாத்திரமும் அவருடையது, பல நேரம் வாடகையும் பாதிதான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் விடாமல் கேட்பார். அவர் வீட்டு வாசலிலும் அதே பழக்கம்தான். கீரை விற்கிறவர் வந்தாலும் முதல் வார்த்தை வாங்கதான்.

மண்டபங்கள் பாத்திரத்தையும் சேர்த்தே வாடகைக்கு விட ஆரம்பித்ததும் தொழில் படுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான், புதிதாக நாற்காலியும் எவர்சில்வர் சாமானும் எடுக்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தார். எதையும் ஈடு வைக்காத கடன். தவணை நின்றது. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் அண்ணனுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

வசூல்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். யார், எங்கிருந்து, கையில் என்ன அத்தாட்சி, எதையும் அண்ணன் கேட்கவில்லை. "வாங்க, உள்ள வாங்க" என்று கேட்டார். அவர்களும் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். அடுத்த முறை கேட்காமலே வந்து, விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவுக்குக் கேட்கும்படி பேசினார்கள். மதினி பொறுக்கமாட்டாமல், இவர்களை எதற்கு உள்ளே கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது அண்ணன் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

"வாசலுக்கு வந்தவுகள நிக்க வச்சுப் பேசுனா நாளைக்கு நம்மள யாரு மதிப்பாக?"

பிறகு அந்த வசூல்காரர்களிடமிருந்து உங்களுக்கெல்லாம் போன் வந்தது. உங்களில் யாராவது அவர்களிடம், என்னை எதற்கடா கூப்பிடுகிறாய் என்று கேட்டீர்களா? இல்லை. உடனே அண்ணனைக் கூப்பிட்டு, குடும்ப மானம் போகிறது என்றீர்கள். அவர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

ஒருநாள் வேன் கொண்டுவந்து, ஜப்தி என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்கே அண்ணன் சுருண்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொட்டகை காலியாயிற்று. மதினி சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடங்களும் வேனில் ஏறின. பெரிய அண்டாவை அவர்கள் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியபோது, அண்ணன் தானே ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்தார். "பாத்துத் தம்பி, விளிம்பு கைய வெட்டிப்புடும்" என்று வேறு சொன்னார். எதிர் வரிசை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

அதன்பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார். யாரும் வற்புறுத்திக் கூப்பிடவும் இல்லை. ஒரு காலையில், காலியான கொட்டகையில் உட்கார்ந்தபடியே அவர் மூச்சு நின்றிருந்தது.

சாவுக்கு எல்லோரும் வந்தீர்கள். சாவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று கேட்கக்கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியில்தான் நம் சித்தப்பா மகன், வக்கீல் தம்பி, சட்டம் பேசினார். வசூல்காரர் அடையாள அட்டை காட்ட வேண்டும். வீட்டுக்காரர் அழைக்காமல் உள்ளே வரக்கூடாது. ஜப்தி என்பது நீதிமன்ற உத்தரவோடு, கோர்ட் ஊழியரான அமீனா செய்ய வேண்டியது. அமீனாவே வந்தாலும் பொழுது சாய்ந்து வீட்டுக்குள் நுழையமுடியாது, சமைக்கிற பாத்திரத்தையும் படுக்கையையும் தாலியையும் தொடமுடியாது. எல்லாம் உண்மை. பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். நான் பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஒனக்கும் அவங்ய போன் பண்ணுனாய்ங்களா தம்பி?"

"பண்ணுனாய்ங்கக்கா. சொந்தக்காரங்களக் கூப்புட ஒங்களுக்கு உரிமை இல்லைன்னு சொன்னேன். அதோட விட்டுட்டாய்ங்க."

"இத அண்ணன்கிட்டச் சொல்லலையே?"

"அண்ணே கேக்கலையேக்கா."

நான் அவர் இலைக்குப் பாயசம் ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த மாதமே வசூல்காரர்கள் திரும்பவும் வந்தார்கள். செத்தவர் வீடு என்ற கூச்சம்கூட இல்லை. மதினி வாசல் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே அடையாள அட்டை கேட்டார், கோர்ட் உத்தரவு கேட்டார். இரண்டும் இல்லை. அப்படியானால் அங்குட்டே நின்று பேசுங்கள் என்றார். பழகிய வீட்டில் இப்படி ஒரு வார்த்தையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"அய்யா இருந்திருந்தா உள்ள கூப்புட்டு உக்கார வச்சிருப்பாக" என்றான் ஒருவன்.

"அதுனாலதான் அவுக இல்ல" என்றார் மதினி.

அவர்கள் போய்விட்டார்கள். கடன் விவகாரம் இப்போது நீதிமன்றத்தில், இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. பாத்திரங்களைத் திருப்பித் தரக்கோரி மதினி கொடுத்த புகாரும் நடக்கிறது. ஒரு குடம்கூட இன்னும் திரும்பவில்லை.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை முடிக்கக்கூடாது. ஊருக்கெல்லாம் அண்டா கொடுத்த மனிதரின் கருமாதிக்கு உலை வைக்க அண்டா இல்லை. அண்ணனோடு ஆயுசெல்லாம் தொழில்போட்டி போட்ட காரைக்குடி வாடகைக்கடைக்காரர், யாரும் சொல்லாமலே வண்டியில் சாமான் அனுப்பினார். வாடகையை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது பாதி விலைக்கு வக்காலத்து ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியனுப்பிய வக்கீல் தம்பிக்கும் நன்றி. வேறு வக்கீல் பார்த்துக்கொண்டோம்.

இன்று தலைத்திவசம், அண்ணன் போய் ஒரு வருஷம். இதோடு துக்கம் கழிகிறது, இனி வருகிறவர்களை வாங்க என்று கேட்கலாம் என்கிறார்கள். இந்த மலரை வாசலிலேயே உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரம் மதினி கதவுக்கு உள்பக்கம் நிற்பார். அண்ணன் பெயர் கெடக்கூடாது என்பதற்காக உங்கள் எல்லோரையும் அவர் வாங்க என்று கேட்பார், ஒருவரையும் விடமாட்டார். ஆனால் முதலில் உங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அதுவரை அங்கேயே நில்லுங்கள்.

— தங்கை