மாடிக்குப் போகும் வழி

பொன்னுசாமி அண்ணன் காலமான செய்தி என் பள்ளிக்கூட வாசலுக்கே வந்தது. மலைமேல் ஆலத்தூர் நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு சேந்தமங்கலத்துக்கு இறங்கி வந்தவர் சொன்னார். அங்கே தம் காட்டைப் பார்க்கப் போன அண்ணன் அங்கேயே தூக்கத்தில் போய்விட்டாராம். அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? அண்ணனின் முகம் மனசில் வருவதற்கு முன்பே எனக்கு எங்கள் வீட்டுப் படிக்கட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சேந்தமங்கலத்தில் ஒரு மாடி வீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். தனியாக வாங்க இருவருக்குமே வக்கில்லை. கீழ்த்தளம் அவருடைய மிளகு வியாபாரத்துக்கு, மேல்தளம் என் குடும்பத்துக்கு. பத்திரத்தில் கீழ்த்தளம் முழுவதும் அவருக்கு என்று எழுதியிருந்தது. படிக்கட்டு இருப்பதும் அங்கேதான். மாடிக்கு வழி என்று ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகளின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற நான், அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் ஒருநாளும் வழி மறித்தவரில்லை. ஒரு மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகி, என் கூடம் நனைந்து, கீழே அவருடைய மூட்டைகள் வரை ஈரம் இறங்கிவிட்டது. நான் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே சுண்ணாம்புச் சட்டியோடு மேலே ஏறினார். "மாடி உங்களுதுங்க வாத்தியாரே, நனையறது எம் மொளகு" என்று சிரித்தார்.

பயம் அவர் மகன் ராஜுவால் வந்தது. "இந்தப் படிய எடுத்துட்டா இன்னும் பத்து மூட்டை அடுக்கலாங்கப்பா" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றே கீழே போய் அண்ணனிடம் கத்தினேன். மலைக்காட்டு ஆளுக்கு மாடி வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்றுகூடக் கேட்டுவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவரோ, "காப்பி ஆறுதுங்க, குடிச்சுட்டுத் திட்டுங்க" என்றார்.

அதன்பின் மூன்று வருஷம், ஞாயிறுதோறும் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். படிக்கட்டு இருவருக்கும் பொது என்று பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்பேன். "ஆகட்டுங்க, பாக்கலாம்" என்பார். மனைவியை இழந்தவர், காப்பியும் அவரே போடுவார். பிறகு மழை, மிளகு விலை, எங்கள் தலைமையாசிரியரின் கோபம் என்று பேச்சு மத்தியானம் வரை நீளும். அவர் காலத்துக்குப் பிறகு ராஜு என்ன செய்வானோ என்ற கவலையோடுதான் ஒவ்வொரு முறையும் எழுந்து வருவேன்.

துக்கத்துக்கு மலையேறினேன். மனசில் பாதி துயரம், பாதி படிக்கட்டு. அடக்கம் முடிந்ததும் ராஜு என்னைத் தனியே அழைத்து ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தான். படிக்கட்டும், நான் கேட்கவே கேட்காத கிணறும் இரண்டு தளத்துக்கும் என்றென்றைக்கும் பொது என்று எழுதி, பதிவும் ஆகியிருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் கத்தியதற்கு மறுநாள்.

அப்பாடா என்று மூச்சு வந்தது. சாவு வீடு என்பதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது.

"ஏன் ராஜு, அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

"சொல்லிட்டா வாத்தியாரு ஞாயித்துக்கெழம கீழ வரமாட்டாருன்னு சொன்னாருங்க."

என் வீட்டு வழியை இனி யாரும் அடைக்க முடியாது. அந்த நிம்மதியோடுதான் மலையிறங்கினேன். பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பவை அந்த மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அவர் முன்னமே சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்.